எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சீனி

சீனிக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அக்கா கோதை, அவள் வீட்டுக்காரர் முத்தையா, உன் சித்தப்பா, அப்பாவோடு மில்லில் ஒரே ஷிப்டில் இருந்த யாக்கோபு மாமா. சித்திக்கு முழங்கால் வலி, வரவில்லை. கோதையின் பிள்ளைகள் இரண்டும் வந்திருந்தன, அதுகளை வாசலில் விளையாட விட்டுவிட்டோம். ஒருத்தர் விடாமல் எழுதிவிட்டேன். யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நாளைக்கு ஒருத்தருக்கொருத்தர் மாற்றிப் பேசக் கூடாது பார்.

பேச்சு முழுக்க உன்னைப் பற்றித்தான். பேசி முடித்த பிறகு சித்தப்பா என் பக்கம் திரும்பி, "மதினி, அவனுக்கு ஒரு கடுதாசி போடுங்க. நாயம் கீயம் எழுதாதீங்க. எனக்கு உடம்புக்கு முடியல, உடனே பொறப்பட்டு வான்னு ரெண்டே வரி. வந்து நிக்கட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் சரி என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் பூஜை முடித்துவிட்டு அந்த ரெண்டு வரியை எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சீனி. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கொஞ்சம் முட்டி பிடிக்கிறது, அவ்வளவுதான். அதை முதலில் தெரிந்துகொண்டு, பதறாமல் மற்றதைப் படி. வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே. சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டுப் படி.

விஷயம் இதுதான். மில்லில் உன் இடம் இன்னும் இருக்கிறது. பொங்கல் வரை வைத்திருப்பார்களாம். அதற்கு மேல் முடியாது என்று மேனேஜர் யாக்கோபு மாமாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஷிப்டுக்குப் போகாமல் நின்று மூன்று வருஷம் ஆனவனுக்கு என்ன இடம் என்று நீ கேட்பாய். நியாயம்தான். அந்த இடம் எப்படி இத்தனை நாள் வேறு ஆளுக்குப் போகாமல் இருந்தது என்பதை உனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. நீ மில் வாசலுக்குப் போனால் வாட்ச்மேனே சொல்லிவிடுவான். அதற்கு முன்னால் என் கையெழுத்தில் நீ படித்துவிட வேண்டும்.

நான் வன்னியம்பட்டியில் மழையைப் பார்த்து உலை வைத்த வீட்டிலிருந்து வந்தவள். கண்மாய் பெருகினால் நெல்லுச் சோறு, இல்லாவிட்டால் கம்பு, அதுவும் இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது களையெடுப்பு. மாசம் ஏழாம் தேதி ஆனால் ஒரு மனுஷன் கையில் கவரோடு வீட்டுக்குள் நுழைவான் என்பது கல்யாணமாகி ராஜபாளையம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தக் கவருக்காகத்தான் எழுதப் படிக்கவே கற்றுக்கொண்டேன். மளிகைக்கடைச் சிட்டையையும் காலண்டர் தாளையும் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். பருப்பு, புளி, மண்ணெண்ணெய் இந்த மூன்றும்தான் நான் முதலில் எழுதிய வார்த்தைகள். சாமி பெயர்கூட அதற்கப்புறம்தான் எழுத வந்தது. அதனால் நிலையான வேலை என்றால் எனக்கு என்ன என்று நீ கேட்காதே. மில் சங்கு ஊதும் சத்தம் எனக்குக் கோயில் மணிக்கு அடுத்தபடி.

நீ ஐ.டி.ஐ. முடித்து வந்தது எண்பத்தஞ்சில். அப்போது மில்லில் ஒரு வழக்கம் இருந்தது உனக்கே தெரியும். அப்பன் தன் சர்வீஸ் முடியும் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றால், அந்த வேலையின் டோக்கன் பிள்ளைக்கு வரும். அப்பாவுக்கு இன்னும் நல்ல தெம்பு இருந்தது. ஃபிட்டர் வேலையை விட்டுப் போக வேண்டாம் என்றுதான் எல்லோரும் அவரிடம் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து என்னிடம் கையை ஆட்டிக் காண்பித்தார். மெஷின் சத்தத்தில் பாதிக் காது போய், வீட்டிலும் கை ஜாடையில்தானே பேசுவார். முதலில் தன் நெஞ்சைத் தொட்டார், பிறகு நீ படுத்திருந்த பாயைக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமையே ரெண்டு பேரும் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை ஏறினோம். உனக்கு எந்தப் பெருமாள் பெயர் வைத்தோமோ அந்தப் பெருமாளுக்குத் துளசி மாலை சாத்திவிட்டு, இறங்கி வரும்போது உன் அப்பா ஒரு படியில் உட்கார்ந்து, "இனிமே என்ன செய்யப் போறேன்னு தெரியல" என்றார். வேலை போன வருத்தம் அது. நான் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

நீ அஞ்சு வருஷம் ஒழுங்காகத்தான் போனாய். எல்லாம் அந்த ஆயுத பூஜையில் மாறியது. மில் வாசலில் சீரியல் லைட்டில் படம் போட வந்த மதுரைக்காரருக்கு ஒத்தாசையாக நின்றாய். வீட்டுக்கு வந்தும் உனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுத் தரையில் விரலால் வரைந்து காட்டினாய். "படத்துக்குப் பின்னால ஒரு மர உருளை சுத்தும்மா. அதுல செம்புத் தகடு ஒட்டியிருக்கும். தகடு எங்க படுதோ அந்த பல்பு எரியும். மயிலு தோகை விரிக்குதுன்னா, மயிலு அங்க இல்ல, அந்தத் தகட்டுலதான் இருக்கு." அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்து எனக்குப் பயம்தான் வந்தது. ஒரு மனுஷனுக்கு அவ்வளவு பிடித்துப்போகிற ஒன்று நல்லதாக முடியுமா என்று.

மில்லில் யாராவது உன்னை ஏதாவது சொன்னார்களா என்று நான் கேட்டதும், நீ சொன்ன பதிலும் எனக்கு மறக்கவில்லை. "கஷ்டம் ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் வச்சிருக்காங்க. வீட்டுக்கு வரும்போது இன்னைக்கு என்ன செஞ்சேன்னு நீ கேட்டா, சொல்ல ஒண்ணுமில்ல. அதான்." அதற்கு நான், "சோறு தின்னேன்னு சொல்லு, போதும்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் சங்கு ஊதியது, நீ எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாய். அப்பா டீத் தம்ளரோடு நிலைப்படியில் நின்று உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரெண்டாவது சங்கும் ஊதி அடங்கியது. அந்த வாரமே பையை எடுத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினாய். வேலையை விட்டுவிட்டேன் என்று நீ அவரிடம் சொல்லவில்லை. மில்லுக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் போகிறாய் என்று அவரும் கேட்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு வாயில்லாத ஆள் இருந்தால் சமாளிக்கலாம், எனக்கு ரெண்டு பேர்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ மதுரைக்குப் போன அதே மாசம் அப்பா திரும்ப மில்லுக்குப் போனார். பதிலி ஆளாக. மேனேஜரிடம் போய், "பையன் விட்டுட்டேன்னு சொல்லல, சார். வருவான். வர்ற வரைக்கும் அவன் எடத்துல நான் நிக்கேன். வேற ஆளப் போட்டுறாதீங்க" என்றாராம். யாக்கோபு மாமா பக்கத்தில் இருந்து கேட்டது. மேனேஜர் பழைய மனுஷர், சரி என்று உன் டோக்கனை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். பதிலி ஆள் என்றால் உனக்குத் தெரியும், தினமும் கேட் பக்கத்தில் நின்று, உள்ளே கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு வர வேண்டும். அப்பாவிடம் ஸ்பேனர் பிடிக்கப் பழகியவன்தான் இப்போது அங்கே மேஸ்திரி. அவன் கூப்பிடுகிறானா என்று இவர் பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்று வருஷம் நின்றார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டார். நீ பொங்கலுக்கும் ஆடிக்கும் வரும்போது அவர் வீட்டிலேயே இருப்பார், கேட் பக்கம் போக மாட்டார். "அப்பா சும்மா இருந்து இருந்து மெலிஞ்சிட்டாரும்மா, ஏதாச்சும் வேலை குடு" என்று நீகூட ஒரு தடவை சொன்னாய். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

இந்த ஆவணியில் அவர் தவறிப்போன அன்றைக்கு நீ கேரளாவிலிருந்து ஓடி வந்து சேர்ந்தாய். குளிப்பாட்டும்போது அவர் நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததை நீ பார்த்தாய். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா இது?" என்று கேட்டாய். அவ்வளவு பேர் அழுதுகொண்டிருந்த இடத்தில், "சைக்கிளைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தாரு" என்று சொன்னேன். சைக்கிள் இல்லை, சீனி. முந்தின நாள் காலை ஷிப்டு கிடைத்தது அவருக்கு. நீ பார்த்த அதே ஃப்ரேம் மெஷின் அது.

உன்மேல் பழி போட இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. டாக்டர் இருதயம் என்றார், இருதயம்தான். வீட்டில் இருந்திருந்தாலும் அதே நாள்தான் அவருக்கு. பெருமாள் போட்ட கணக்கில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் நீ வேலையை விட்டதுக்காக அவர் அங்கே போய் நிற்கவில்லை. விட்டேன் என்று நீ சொல்லாததால்தான் நின்றார். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரிய வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பார், மூன்றாம் நாள் தோட்டத்தில் மண்ணைக் கொத்தப் போயிருப்பார்.

இன்னொன்றும் நான் மறைக்கக் கூடாது. முந்தின வருஷம் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நீ லைட்டில் ஆண்டாள் படம் போட்டாயே, அதைப் பார்க்க அப்பா வந்தார், கூட்டத்தில் ஒளிந்து நின்று பார்த்தார் என்று நான் சொன்னால் உனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும். அவர் வரவில்லை. நானும் கோதையும்தான் வந்தோம். தேர் நின்ற வீதியில் தென்னை மரம் உயரத்துக்கு ஆண்டாள் இருட்டில் நின்றாள். முதலில் கொண்டை எரிந்தது, பிறகு கிளி, பிறகு மாலையில் ஒவ்வொரு பூவாகக் கீழேயிருந்து ஏறித் தோளுக்குப் போனது. எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி தன் மகளை இழுத்து, "ஏட்டி, பாருட்டி, தாயாரு மாலை போட்டுக்கிடுதா!" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் பால்கோவா டப்பாவோடு நின்ற ஒரு கிழவர், "இதப் போட்டவன் கைய ஒரு தடவ பாக்கணுமே" என்றார். என் மகன்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அழுகை வந்தால் அசிங்கம் என்று கோதை கையைப் பிடித்துக்கொண்டேன்.

உன்னைத் தேடிப் படத்துக்குப் பின்னால் வந்தோம். அங்கே வெளிச்சமே இல்லை. ஒயரும் சாரமும்தான். உருளை கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, நீ குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்ததும் எப்ப வந்தீங்க என்றுகூடக் கேட்கவில்லை. "அம்மா, மாலை தோள் வரைக்கும் வந்துச்சா? நடுவுல ஒரு பூ தவறுதோன்னு சந்தேகமா இருக்கு. இங்கேருந்து எனக்குத் தெரியாதுல்ல" என்றாய். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, இதைச் செய்கிறவன் இதைப் பார்க்க முடியாது என்று. வந்துச்சுப்பா, ஒண்ணும் தவறல என்றேன். அது நிஜம்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. "காலுல ரப்பர் செருப்புப் போட்டிருந்தானா?" என்று மட்டும் கேட்டார். நீ வெறுங்காலோடு நின்றாய். தாயார் படத்துக்கிட்ட எப்படிம்மா செருப்புப் போட என்று என்னிடமே சொன்னாய். நான் அப்பாவிடம், "போட்டிருந்தான், போட்டிருந்தான்" என்றேன். அதற்கப்புறம்தான் உள்ளே வந்து படுத்தார்.

இந்த மார்கழியில் நம் வாசலில் கோலம் இல்லை. வருஷம் திரும்பாத வீடு, போடக் கூடாது. விடியலில் தெருவில் எல்லா வீட்டிலும் கோலம் போடுகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்கும், நான் தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டு உள்ளே வருவேன். சங்கு ஊதும். கை தானாக டீத்தூளை எடுக்கப் போகும். பிறகு டப்பாவை மூடி வைப்பேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். யாக்கோபு மாமாதான் ஆரம்பித்தார். "எங்க இருக்கான் இப்ப?" என்றார். நாகர்கோவில் பக்கம் ஒரு சர்ச்சில் கிறிஸ்துமஸ் லைட் போடுகிறான் என்றேன். "அடேயப்பா! ஒங்க பெருமாள் வீட்டுப் பையன் எங்க ஆண்டவருக்கு நட்சத்திரம் கட்டுதான். என் மகனுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது" என்று சிரித்தார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சிரிக்காதீங்கய்யா. போன மாசம் பொண்ணு கேட்டுப் போன எடத்துல என்ன சொன்னான் தெரியுமா? மாப்பிள வருசத்துல எத்தன நாள் எரிவாருன்னு கேட்டான். நான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தேன். எங்கண்ணன் உசிர உருக்கிக் காத்த எடம் இது. அவன் வந்துதான் ஆகணும்" என்றார்.

அப்போதுதான் யாக்கோபு மாமா மேனேஜர் சொன்ன இன்னொன்றைச் சொன்னார். சீனி வரவில்லை என்றால், தனக்கு வேண்டாம் என்றும் அந்த இடத்தைத் தன் அக்கா புருஷனுக்குக் கொடுக்கலாம் என்றும் கைப்பட எழுதி அனுப்பினால், முத்தையாவை எடுத்துக்கொள்வார்களாம். ஒன்றுமே வராவிட்டால் பொங்கல் கழிந்து வெளி ஆள்.

உன் அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "அத்த, நான் இதக் கேட்டு வரல. மாப்பிள எடம் அது" என்றார். மம்சாபுரத்தில் அவர் இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு ஒரு சுமை என்று கூலிக்குப் போவது உனக்குத் தெரியும். காப்பி போட உள்ளே போனேன், கோதை பின்னாலேயே வந்தாள். "அம்மா, அவன் வந்தா எனக்குச் சந்தோசம்தான். ஆனா வரலைன்னா, வரலைன்னு சொல்லச் சொல்லும்மா" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை, சீனி. சின்ன வயசில் ரிப்பன்கூடக் கேட்டதில்லை.

நீ வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. இந்த வீட்டில் ஒருத்திக்குச் சோறு வடிக்க எனக்குக் கை வரவில்லை, இன்னும் அதிகமாகத்தான் விழுகிறது. நீ ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால் பஞ்சு உதிருமே, அதைப் பெருக்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அந்த உருளைக்கு முன்னால் குனிந்திருந்தவனையும் நான் பார்த்துவிட்டேன். அவனை நம் வீட்டில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவன் மில்லுக்குள் மறுபடி போனால், வருகிறவன் வேறு ஆளாக இருப்பான். இதில் எது பெரியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிலையான வேலையை நம்பியே வாழ்ந்தவளிடம் இதைக் கேட்காதே.

நீ அங்கேயே இருக்கிறதானால் ரெண்டு மூன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். திருவிழா மாசத்தில் பணம் வரும்போது அதுதான் உன் சம்பளம் என்று நினைக்காதே, மழை மாசத்துக்கு அதில் பாதி சொந்தம். உன்னோடு சாரம் ஏறுகிறவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டு நீ சாப்பிடு. அட்வான்ஸ் வாங்காமல் ஊர் பெரியவர் முகத்துக்காக வேலை எடுக்காதே. பிடித்த வேலையிலும் பிடிக்காத நாள் வரும், அந்த நாளில் அப்பா கேட் பக்கத்தில் நின்றதை நினைத்துக்கொண்டு தண்டனை மாதிரி இங்கே ஓடி வந்துவிடாதே. வருவதானால் விருப்பமாக வா. காலில் செருப்புப் போடு. தாயார் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவிடம் சொன்ன அந்த ஒன்றாவது இனிமேல் பொய்யாக இருக்க வேண்டாம்.

சித்தப்பா கேட்டால் கடிதம் போட்டுவிட்டேன் என்று சொல்வேன். என்ன எழுதினேன் என்று கேட்டால் அதையும் சொல்வேன்.

இதோடு ஒரு இன்லண்ட் கவர் வைத்திருக்கிறேன், வீட்டு விலாசம் எழுதியிருக்கிறது. வருகிறேன் என்று எழுது, இல்லை வரவில்லை, இடத்தை அத்தானுக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. எதை எழுதினாலும் நான் தாங்கிக்கொள்வேன். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. உன் பேச்சுக்காக இந்த வீட்டில் ஒருத்தர் காத்திருந்தது போதும்.

பொங்கலுக்கு முன்னால் பதில் போடு.

அம்மா